சிதி இஃப்னி: இறங்க விடாத கடற்கரை

வியாழன், ராத்திரி

மொராக்கோன்னு சொன்னாலே மராக்கேஷ், ஒட்டகம், நீலக்கலர் செஃப்சாவென் சந்து, இதான் எல்லாரும் போடுற போட்டோ. எனக்கு மீன்பிடி ஊரு ஒண்ணுல நாலஞ்சு நாள் சும்மா உக்காந்துட்டு வரணும்னு தான் ஆசை. எஸ்ஸௌய்ரா போங்கன்னாங்க, நல்ல ஊருதான், ஆனா இப்ப அங்க மீன்காரங்கள விட செல்ஃபிக்காரங்க ஜாஸ்தி. அதனால இன்னும் தெக்க, அகாதிர் தாண்டி, திஸ்னித் தாண்டி, மேப்ல விரலால தேடினா தான் கெடைக்கிற சிதி இஃப்னி. சுமார் 20 ஆயிரம் பேர் இருக்குற ஊரு.

அகாதிர்ல இருந்து திஸ்னித் வரைக்கும் பஸ், அங்கருந்து கிராண்ட் டாக்ஸி. இது ஷேர் டாக்ஸி தான். முன்னாடி எல்லாம் பழைய மெர்சிடிஸ் கார்ல ஆறு பேர அமுக்குவாங்களாம், முன் சீட்டுலயே ரெண்டு பேர். இப்ப பெரும்பாலும் டாசியா வண்டி, ஓரளவு மூச்சு விடலாம். டைம்டேபிள் எல்லாம் கெடையாது, சீட்டு நெறைஞ்சா வண்டி எடுப்பாங்க, நெறையலன்னா டிரைவர் டீ குடிச்சிட்டே இருப்பாரு. மிர்லெஃப்ட் பக்கம் வந்ததும் வலது கை பக்கம் கடல். அதுவரைக்கும் சுள்ளுனு வெயில், ஒரு வளைவு திரும்புனதும் வெள்ளையா ஒரு சுவரு மாதிரி பனி வந்து முன்னாடி நிக்குது, டிரைவர் அசரவே இல்ல, லைட்டப் போட்டுட்டு அதே ஸ்பீடுல உள்ள போயிட்டாரு.

தங்குற எடம் ஒரு வீட்டு மாடி. ஓனருக்கு எழுபது வயசுக்கு மேல, அவருக்கு தஷெல்ஹித் (இந்த பக்கத்து பெர்பெர் மொழி), அரபி, ஸ்பானிஷ் மூணும் சரளம், எனக்கு மூணும் சுத்தம். நல்லவேளை அவரோட மருமகன் அகாதிர்ல ஹோட்டல் வேலை பாக்குறவர் லீவுல வந்திருக்காரு, இங்கிலீஷ் நல்லா வருது. பாதி கதை அவர் வழியா தான் எனக்கு கெடைச்சுது, மீதி கை ஜாடை.

வெள்ளி

காலைல ஜன்னல தொறந்தா கடல காணோம். சத்தம் மட்டும் பலமா வருது. கீழ தெருவுல நடக்குறவங்க தலை தெரியுது, கால் தெரியல. இது ஜூன் மாசம்ங்க. ரெண்டு மூணு கிலோமீட்டர் உள்ள போனா வெயில் பல்ல காட்டுதாம், ஊருக்குள்ள ஸ்வெட்டர் போட்டு திரியுறாங்க.

மருமகன்கிட்ட கேட்டேன், அப்புறம் நானும் கொஞ்சம் படிச்சேன். இந்த கரைய ஒட்டி வடக்குலருந்து தெக்க கேனரி நீரோட்டம் ஓடுது. வடகிழக்கு காத்து மேல்தண்ணிய கரைய விட்டு தள்ளி விட்டுடும், அந்த எடத்த நிரப்ப அடியில இருக்குற சில்லு தண்ணி மேல ஏறி வரும். அந்த குளிர்ச்சி மேல ஈரக்காத்து பட்டா பனிமூட்டம். அதே அடித்தண்ணி சத்தையும் சேத்து தூக்கிட்டு வருது, அதுல நுண்பாசி பெருகுது, பாசிய நம்பி மத்தி கூட்டம் கூட்டமா வருது. டின்ல அடைச்ச மத்தி ஏற்றுமதில உலகத்துல மொராக்கோ தான் முதல் எடம், காரணம் இந்த சில்லு தண்ணி தான். அதாவது பனிய திட்டுனா மீனையும் திட்டுன மாதிரி. ஊர்க்காரங்க யாரும் பனிய திட்டி நான் கேக்கல, டூரிஸ்ட் தான் திட்டுறாங்க.

பத்து மணிக்கு மேல கொஞ்சம் தெளிஞ்சதும் ஊர் சுத்த கிளம்புனேன். ஊர் கடலுக்கு மேல ஒரு மேட்டுல இருக்கு, கீழ மணல், நடுவுல நீளமான படிக்கட்டு. வீடெல்லாம் வெள்ளையும் நீலமும். ஆனா பழைய மொராக்கோ ஊர் மாதிரி மதில், மதீனான்னு சொல்ற பழைய நகரப் பகுதி, சந்து ஒண்ணும் இல்ல. நேர் நேரா தெரு, வளைஞ்ச பால்கனி, வட்ட ஜன்னல், 1930, 40கள்ல ஸ்பெயின்காரங்க கட்டுன ஆர்ட் டெகோ ஸ்டைல். முன்னால் பிளாசா தெ எஸ்பான்யா, இன்னைக்கு ஹசன் II சதுக்கம், அதுல டைல்ஸ் பதிச்ச தோட்டம், சுத்தி பழைய சர்ச், அது இப்ப கோர்ட்டு. பழைய ஸ்பானிஷ் துணைத் தூதரகம் பூட்டி கெடக்கு, சுண்ணாம்பு உதிருது, வாசலுக்கு மேல சின்னம் மட்டும் மிச்சம். மேட்டோட ஓரத்துல கப்பல் வடிவத்துலயே ஒரு கட்டடம் இருக்கு, கடல் நிர்வாகத்துக்கு கட்டினது. கப்பல் வந்து நிக்க துறைமுகம் இல்லாத ஊர்ல கப்பல் மாதிரி ஆபீஸ்!

ஏன் துறைமுகம் இல்லன்னு கேட்டா வரலாறுக்கு போகணும். 15-ஆம் நூற்றாண்டுல இந்த ஆப்பிரிக்க கரையில எங்கயோ ஸ்பெயின்காரங்களுக்கு சாந்தா குரூஸ் தெ லா மார் பெகேன்யான்னு ஒரு சின்ன கோட்டை இருந்துது, அப்புறம் பறிபோச்சு. 1860ல மொராக்கோவ போர்ல ஜெயிச்சு தெத்துவான் ஒப்பந்தம் போட்டப்ப, "அந்த பழைய எடத்த திருப்பி குடு"ன்னு ஒரு ஷரத்து சேத்துட்டாங்க. சேத்தப்புறம் தான் அந்த எடம் எங்க இருக்குன்னு யாருக்குமே தெரியலன்னு புரிஞ்சுது. 1878ல ஒரு கப்பல்ல கமிட்டி வந்து கரையெல்லாம் பாத்துட்டு, சரி இஃப்னி தான்னு முடிவு பண்ணிட்டு போயிட்டாங்க. பின்னாடி ஆராய்ஞ்சவங்க அந்த கோட்டை இன்னும் ரொம்ப தெக்க, தர்ஃபாயா பக்கத்து காயல்ல இருந்துருக்கணும்னு சொல்றாங்க. அட்ரஸ் தப்பாவே ஒரு ஊர எடுத்துக்கிட்டாங்க. அதுவும் காகிதத்துல மட்டும், ஆள் வந்து நெஜமா இறங்குனது 1934 ஏப்ரல்ல தான், கர்னல் கபாஸ் தலைமையில. அந்த அலைய நீங்க பாத்தீங்கன்னா எழுபது வருஷத்துக்கு மேல ஏன் தள்ளி போட்டாங்கன்னு கேக்க மாட்டீங்க.

மத்தியானம் வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ், அதாவது ஆவியில வேக வெச்ச கோதுமை ரவை. தொழுகை முடிஞ்சு ஆம்பளைங்க வீடு திரும்ப, பெரிய தட்டு நடுவுல வெச்சு எல்லாரும் ஒரே தட்டுல. ஏழு காய்கறி, மேல ஆட்டுக்கறி. அவங்கவங்களுக்கு முன்னாடி இருக்குற பங்க மட்டும் சாப்புடணும், கறிய வீட்டம்மா பிச்சு நம்ம பக்கம் தள்ளி விடுவாங்க. எனக்கு வந்த கறி போதும் போதும்ங்குற அளவு.

சனி

இன்னைக்கு பூரா துறைமுகம். ஆமா இப்ப ஒண்ணு இருக்கு, ஊருக்கு தெக்க நடந்தா வரும். ஆனா அதுக்கு முன்னாடி கடலுக்குள்ள நிக்கிற அந்த கான்கிரீட் பொருள பத்தி சொல்லிடறேன், ஏன்னா நேத்துலருந்து அதையே பாத்துட்டு இருக்கேன். கரையிலருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல தள்ளி, நடுக்கடல்ல, தனியா ஒரு கட்டடம்.

கப்பல் கரைக்கு வர முடியாது, அலை தூக்கி அடிச்சுரும். அதனால ஸ்பெயின் காலத்துல கப்பல் தூரத்துலயே நிக்கும், தண்ணியிலயும் தரையிலயும் ஓடுற வண்டி போய் ஆளையும் சாமானையும் ஏத்திட்டு வரும். கடல் கெட்டுப்போனா அதுவும் இல்ல, கப்பல் அப்படியே திரும்பி கேனரி தீவுக்கு. 1960கள்ல இதுக்கு ஒரு முடிவு கட்டுறோம்னு கடலுக்குள்ள ஒரு செயற்கை தீவு கட்டி, அங்கருந்து கரைக்கு கம்பி இழுத்து ரோப்கார் விட்டாங்க. மூட்டை, பெட்டி, மனுஷன், எல்லாம் அலைக்கு மேல தொங்கிட்டே வரணும். இவ்ளோ செலவு பண்ணி கட்டி முடிச்சு கொஞ்ச நாள்ல, 1969 ஜனவரி 4 ஃபெஸ் ஒப்பந்தம், ஜூன் 30 ஊர மொராக்கோ கையில குடுத்துட்டு மூட்டை கட்டிட்டாங்க. ஓனர் சின்னப் பையனா இருந்தப்ப அந்த தண்ணி வண்டி கரையேறுறத பாக்க பசங்க எல்லாம் ஓடுவாங்களாம், கையால அது எப்படி தூக்கி தூக்கி போடும்னு நடிச்சே காட்டுனாரு.

நடுவுல ஒரு போரும் நடந்துருக்கு. 1957 நவம்பர்ல மொராக்கோ விடுதலைப் படையும் இந்த பக்கத்து ஆயித் பாம்ரான் இனக்குழு ஆளுங்களும் எழுந்து, ஸ்பெயின் கையில ஊரும் அத சுத்தி கொஞ்ச எடமும் தான் மிஞ்சுது. அதே ஆயித் பாம்ரான் ஆளுங்கள தான் இருபது வருஷம் முன்னாடி இஃப்னி துப்பாக்கிப் படைன்னு பேர் வெச்சு, ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்கு ஜெனரல் ஃபிராங்கோ பக்கம் சண்டை போட கூட்டிட்டு போனாங்க. ஊர் அழகா இருக்கு, பால்கனி அழகா இருக்குன்னு எழுதுறவங்க இத எழுத மாட்டேங்குறாங்க, எனக்கு அதுல ஒரு கடுப்பு இருக்கு.

சரி துறைமுகம். காலைல ஏழு மணிக்கு போனா ஒரே இரைச்சல். மூணு விதமா படகு. சின்ன மரப்படகு, நீலக்கலர், மூணு நாலு பேர், அவுட்போர்டு மோட்டார். தூண்டிலும் சின்ன வலையும் தான் இவங்க. அப்புறம் மத்தி பிடிக்கிற பெரிய மரக்கப்பல், முப்பது பேர் கிட்ட ஏறுவாங்க போல, சுருக்குமடி வலை. நம்மூர்ல 2000லயே தடை பண்ணி இன்னைக்கு வரைக்கும் கடலூர்லயும் நாகப்பட்டினத்துலயும் சண்டை ஓடிட்டு இருக்கே, அதே வலை தான், இங்க மத்தி தொழிலே அதுல தான் நடக்குது. மூணாவது இழுவைப் படகு, அது கொஞ்சம் தான்.

பெட்டி பெட்டியா மீன் மேல வருது. கையில கையா கூடைய தூக்கி எறியுறாங்க, ஒரு ஆள் ஐஸ் அள்ளி போடுறாரு, பூனைங்க ஒவ்வொண்ணும் நாய் சைஸ். ஏலக்கூடத்துல அரசாங்க மீன்வள அலுவலகம் எடை போட்டு சீட்டு குடுக்கும். கூடத்துல நான் பாத்தது மத்தி, கெளுத்தி சாயல்ல ஒண்ணு, விலாங்கு, கணவாய், அப்புறம் கொர்பீன்னு சொல்ற பெரிய கத்தாளை மீன், ஒண்ணு ஒரு சின்ன பையன் உயரம். இந்த கத்தாளைக்காகவே ஐரோப்பாவுலருந்து தூண்டில்காரங்க இங்க வர்றாங்களாம். பேய்க்கணவாய்க்கு, அதாவது ஆக்டோபஸுக்கு, வருஷத்துல சில மாசம் தடைக்காலம் உண்டு, நம்மூர் மீன்பிடி தடைக்காலம் மாதிரி மொத்தமா எல்லா மீனுக்கும் இல்ல. நல்ல விலை போறது இந்த பேய்க்கணவாய் தான், ஜப்பானுக்கும் ஸ்பெயினுக்கும் போகுது.

டீக்கடையில உக்காந்தப்ப மருமகன் 2008 கதைய சொன்னாரு. இங்க புடிக்கிற மத்தி இங்க நிக்கிறதில்ல, லாரியில ஏறி அகாதிர் ஃபாக்டரிக்கு போயிரும், டின் அடைக்கிற வேலை, கூலி, எல்லாம் அங்க. இந்த ஊர் பசங்களுக்கு படகுல ஏறுனா உண்டு இல்லன்னா இல்ல. 2008 மே கடைசியில வேலையில்லாத பசங்க துறைமுக ரோட்ட மறிச்சு உக்காந்துட்டாங்க, மீன் ஏத்துன லாரி எல்லாம் உள்ளயே மாட்டிக்கிச்சு, நாளாக நாளாக மீன் நாறுது. ஜூன் 7, சனிக்கிழமை விடியக்காலைல போலீஸ் கடல் வழியாவும் தரை வழியாவும் வந்து இறங்குச்சு. வீடு வீடா புகுந்து அடி. இன்னைக்கும் கருப்பு சனின்னு தான் சொல்றாங்க. அவர் அப்ப ஸ்கூல் பையன், ஜன்னல மூடிட்டு கட்டிலுக்கு அடியில இருந்தாராம். அடுத்த வருஷம் 2009ல இஃப்னிய தனி மாகாணம் ஆக்குனாங்க. ஃபாக்டரி வந்துச்சான்னு கேட்டேன். எதிர்ல நின்ன லாரி நம்பர் பிளேட்ட காட்டுனாரு.

மதிய சாப்பாடு துறைமுகத்துலயே. மத்திய நடுவுல பிளந்து முள்ள எடுத்துட்டு ரெண்ட ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி, நடுவுல ஷர்மூலா. அதாவது மல்லித்தழை, பூண்டு, சீரகம், மிளகாய்ப்பொடி, எலுமிச்சை, எண்ணெய் எல்லாம் போட்டு அரைச்ச மசாலா. காரம் பேருக்கு தான். ஆனா மீன் பிடிச்சு மூணு மணி நேரம் கூட ஆகல, அந்த ருசிக்கு முன்னாடி காரம் இல்லன்னு புகார் பண்ண வாய் வரல. ரொட்டிய பிச்சு அதுலயே எடுத்து சாப்புடணும், கூட தக்காளி சலாட்.

ஞாயிறு

சந்தை. வாரா வாரம் ஞாயித்துக்கிழமை ஸ்பெயின்காரங்க பழைய ஏர்ஃபீல்டுல நடக்குது, ஓடுபாதையில வெங்காயம் கொட்டி வெச்சுருக்காங்க. துறைமுகம் இல்லாத ஊருக்கு விமானம் தான் உயிர்நாடியா இருந்துருக்கு, இப்ப அங்க பழைய ஷூ, புதினா கட்டு, பிளாஸ்டிக் வாளி, ஆடு, மசாலா குவியல். நீலக்காகிதத்துல சுத்துன கூம்பு சர்க்கரை. அத சுத்தியலால உடைச்சு தான் டீக்கு போடுவாங்க, டீத்தூள் சைனாலருந்து வர்ற பச்சைத்தேயிலை, உருட்டுன குண்டு குண்டா இருக்கும். கொதிக்க வெச்சு மேலருந்து நுரை வர ஊத்துவாங்க, ஒரு டம்ளர் குடிச்சிட்டு எந்திரிக்க விட மாட்டாங்க.

அர்கான் எண்ணெய், வறுத்த பாதாம், தேன் மூணும் சேத்து அரைச்ச அம்லூ ஒரு பாட்டில் வாங்குனேன். காலை ரொட்டிக்கு இத விட்டா வேற ஒண்ணும் வேணாம். அர்கான் மரம் உலகத்துலயே இந்த தென்மேற்கு மொராக்கோவ சுத்தி தான் இயற்கையா காடா இருக்கு, அதனால எண்ணெய் பேர்ல கலப்படமும் அதிகம், ரோட்டோரமா வாங்காதீங்கன்னு ஓனரே சொன்னாரு.

சந்தையில நான் தேடுனது சப்பாத்திக்கள்ளி பழம். அக்னாரிம்பாங்க. ஆயித் பாம்ரான் பகுதி முழுக்க மலைச்சரிவெல்லாம் கள்ளி தான், பழம், விதை எண்ணெய், ஆட்டுக்கு தீவனம், வேலி, எல்லாம் அதுலருந்து. பழ சீசன் ஆரம்பிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னாங்க, ஆனா ஒரு வயசான அம்மா வேற ஒண்ணு சொன்னாங்க, சீசன் வந்தாலும் முன்ன மாதிரி வராதுன்னு. மடல் மேல வெள்ளை பஞ்சு மாதிரி ஒரு பூச்சி. நசுக்குனா கை ரத்தச்சிவப்பா ஆகும். 2014ல மொராக்கோவுல மொதல்ல கண்டுபுடிச்சாங்க, வடக்க தூக்காலா பக்கம், அங்கருந்து வருஷா வருஷம் பரவி பல லட்சம் செடிய காய வெச்சுருச்சு. அரசாங்க ஆராய்ச்சி நிலையம் பூச்சி தாங்குற எட்டு ரகத்த தேர்ந்தெடுத்து நடுறாங்க, புது கன்னு சரிவுல வரிசையா நிக்குது, பக்கத்துலயே பழைய கள்ளி கருகி சாஞ்சு கெடக்கு.

இத எழுதுறப்ப எனக்கு ஒரு விஷயம் விசித்திரமா இருக்கு. அதே பூச்சிய தான் 1926ல இலங்கையிலருந்து நம்ம மெட்ராஸ் மாகாணத்துக்கு வேணும்னே கொண்டு வந்து விட்டாங்க. நம்ம ஊர்ல சப்பாத்திக்கள்ளி காட்டையும் மேய்ச்சலையும் மூடி, யாராலயும் வெட்டி மாள முடியாத தொல்லையா இருந்துது. பூச்சி வந்து சில வருஷத்துலயே அழிச்சுருச்சு, பாட்டிமார் கள்ளிக்காடு திடீர்னு மறைஞ்சுதுன்னு சொல்லுவாங்கல்ல, அந்த வேலை தான். அங்க விவசாயிய காப்பாத்துன பூச்சி இங்க விவசாயி வயித்துல அடிக்குது. அந்த அம்மாகிட்ட இத எப்படி சொல்றதுன்னு தெரியாம பேசாம வந்துட்டேன்.

திங்கள்

லெக்ஸீரா போயிட்டு வந்தேன். எல்லாரும் இந்த பக்கம் வர்றதே அதுக்கு தான், வடக்க பத்து கிலோமீட்டர், செம்பாறை கடலுக்குள்ள வளைவா குடைஞ்சு நிக்கும். ரெண்டு வளைவு இருந்துது, 2016 செப்டம்பர்ல ஒண்ணு இடிஞ்சு விழுந்துருச்சு, இன்டர்நெட்ல இன்னும் ரெண்டு வளைவு போட்டோ சுத்துது. மிச்சம் ஒண்ணு, பிரம்மாண்டம் தான். தண்ணி வடியுற நேரம் பாத்து போகணும், ஏறுற நேரத்துல பாறைக்கும் அலைக்கும் நடுவுல எடமே இருக்காது. அடியில நிக்காதீங்க, கல்லு உதிருது. அவ்ளோ தான் லெக்ஸீரா.

எனக்கு அத விட சாயந்தரம் கேட்ட விஷயம் தான் பெருசு. மருமகன் உள்நாட்டு பக்கம் மலைய கைகாட்டி, அங்க வலை கட்டி மூடுபனிய புடிக்கிறாங்கன்னாரு. கிண்டல்னு நெனச்சேன். நெஜம். பூத்மெஸ்கிதான்னு 1,200 மீட்டர் தாண்டுன மலை. கடல்லருந்து வர்ற பனி அதுல முட்டும். கம்பம் நட்டு நடுவுல வலை கட்டி வெச்சுருக்காங்க, பனி வலையில பட்டு துளியாகி கீழ வடிஞ்சு, குழாய் வழியா கிராமத்துக்கு போகுது. தார் சி ஹ்மத்னு ஒரு அமைப்பு, ஜமீலா பர்காஷ்ங்குறவங்க முன்ன நின்னு நடத்துனது, 2015ல கிராமங்களுக்கு தண்ணி விட ஆரம்பிச்சாங்க, 2016ல ஐநா காலநிலை விருது கெடைச்சுது. மொதல் வலை மலைக்காத்துல கிழிஞ்சு தொங்கிருக்கு, அப்புறம் ஜெர்மன் எஞ்சினியர்ங்க ரப்பர் பிடிப்பு வெச்சு, காத்து அடிச்சா கொஞ்சம் விட்டுக் குடுக்குற மாதிரி மாத்துனாங்க. அதுக்கு முன்னாடி பொம்பளைங்களும் பிள்ளைங்களும் கெணத்துக்கு நடந்தே தினம் மூணு மணி நேரத்துக்கு மேல போகும், கோடையில கெணறும் வத்திரும்.

கீழ கடல்ல வலை போட்டு மத்தி, மேல மலையில வலை போட்டு தண்ணி, ரெண்டுக்கும் மூலம் அந்த சில்லு தண்ணி தான். மலை மேல போய் பாக்க அனுமதியும் வண்டியும் முன்னாடியே ஏற்பாடு பண்ணணும், இந்த தடவை அமையல.

ராத்திரி சதுக்கத்துல ஒரே கூட்டம். ஜூன் 30 நெருங்குது, ஊர் கை மாறுன நாள், கொடி கட்டுறாங்க, மேடை போடுறாங்க. பசங்க பைக்ல சுத்துறாங்க, குடும்பம் குடும்பமா வெதை கொறிச்சிட்டு நடக்குறாங்க. ஓனர் தன் வயசு ஆளுங்களோட பெஞ்சுல உக்காந்து ஸ்பானிஷ்லயே கால்பந்து சண்டை, ஒருத்தர் ரியல் மாட்ரிட், மத்தவங்க எல்லாம் பார்சா.

செவ்வாய், காலை

போறவங்களுக்கு நாலு விஷயம் சொல்லிட்டு கிளம்புறேன். நீச்சல் ஆசையில வராதீங்க, அலையும் இழுப்பும் மோசம், தண்ணியும் ஐஸ். காசு மாத்துறத அகாதிர்லயே முடிச்சுருங்க, சின்ன கடையில கார்டு வாங்க மாட்டாங்க. பிரெஞ்ச விட இங்க பெருசுங்ககிட்ட ஸ்பானிஷ் தான் செல்லும். துறைமுகத்துல போட்டோ எடுக்கணும்னா மொதல்ல ஆள கேளுங்க, 2008க்கு அப்புறம் கேமராவ பாத்தா சில பேர் மூஞ்ச திருப்பிக்கிறாங்க, நியாயம் தான்.

டாக்ஸில நாலு பேர் சேந்தாச்சு, இன்னும் ரெண்டு பேர் வேணுமாம். டிரைவர் டீ சொல்லிருக்காரு, எனக்கும் சேத்து.